மறுமடல்: ‘ஹாண்டட் ஹவுஸ்’ படங்களைத் தமிழில் என்னவென்று சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள்: பேய்வீடு, ஆவி உலவும் வீடு, மர்ம மாளிகை, அமானுஷ்ய வீடு. ‘பேய்வீடு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நாங்கள் நான்கு நண்பர்கள் வாரம் ஒரு பழைய படம் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தமிழில் குறிப்பு எழுதி வைக்கிறோம். ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ (1963) பார்த்த இரவில்தான் சிக்கல் வந்தது. எலினோர் இருட்டில் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் முணுமுணுப்பும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. பயத்தில் தோழி தியோவின் கையைப் பற்றிக்கொள்கிறாள். அந்தக் கை வலிக்கிற அளவுக்கு இறுக்குகிறது. விளக்கு எரிந்ததும் பார்த்தால் தியோ அறையில் தள்ளி வேறு கட்டிலில் இருக்கிறாள். அப்படியானால் எலினோர் பற்றியிருந்தது யாருடைய கை? படம் கடைசிவரை சொல்வதில்லை.

நான் குறிப்பில் ‘பேய் கையைப் பிடிக்கும் காட்சி’ என்று எழுதினேன். ‘பேய் எங்கே வந்தது? காட்டு பார்ப்போம்’ என்றார் ஒரு நண்பர். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். மரக்கதவு மூச்சு விடுவதுபோல் வீங்கும் காட்சியையும் பார்த்தோம். எங்கேயும் ஒரு பேய்கூடக் கண்ணில் படவில்லை. வைஸ் அவ்வளவு பாடுபட்டுச் சொல்லாமல் விட்டதை என் ஒரு சொல் போட்டு உடைத்துவிட்டது.

அப்புறம் மற்றக் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். ‘தி இன்னொசன்ட்ஸ்’ (1961) படத்தில் ஏரிக்கு அக்கரையில் நாணல் நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள். நமக்கும் தெரிகிறாள். ஆனால் உண்மையில் நிற்கிறாளா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையின் மனம் காட்டுகிறதா என்பதைப் படம் முடித்துவைப்பதில்லை. ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959) படத்தில் ஓரிரவு தங்கினால் ஆளுக்கு 10,000 டாலர்; அங்கே பயமுறுத்துவதில் பெரும்பங்கு மனிதர்களின் சூழ்ச்சி. ‘தி சேஞ்ச்லிங்’ (1980) மட்டும்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் இறந்துபோன ஒரு சிறுவனின் கதை. ஆற்றில் எறிந்துவிட்டு வந்த பந்து வீட்டு மாடிப்படியில் ஈரத்தோடு துள்ளி இறங்குகிறது. அதைப் பேய்வீடு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், உள்ளே இருப்பது என்ன என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பேச்சில் நாம் அப்படித்தான் சொல்கிறோம்: ‘அந்த வீட்டில் ஏதோ இருக்கு.’ அந்த ‘ஏதோ’வுக்குத்தான் பெயர் வேண்டும். ‘அமானுஷ்யம்’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் எந்த விளங்காத நிகழ்ச்சிக்கும் அது பொருந்தும். வீட்டோடு அதற்கு ஒட்டு இல்லை. ‘மர்ம மாளிகை’ என்றால் துப்பறிவாளர் வந்து நிற்பார்.

என் பரிந்துரை: அணங்குவீடு.

ஐங்குறுநூற்றில் ‘அணங்குடைப் பனித்துறை’ என்று ஒரு கடற்துறை வருகிறது. அந்தத் துறையில் அணங்கு உண்டு, அவ்வளவுதான். அது யார், எப்படி இருக்கும் என்ற பேச்சே இல்லை. வருத்தும் ஓர் ஆற்றல், அச்சம், தெய்வம் எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் வைத்து, அதை ஓர் இடத்தின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

‘அணங்கு என்றால் அழகிய பெண் அல்லவா?’ என்று கேட்பீர்கள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அடுத்த குறளிலேயே ‘தாக்கணங்கு’ படையோடு வருகிறது! அழகு என்ற பொருளுக்கு அடியில் அச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அணங்குமனை’ என்றும் யோசித்தேன். ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்று மனை என்றால் காலிமனைதான் நினைவுக்கு வரும். வீடே இருக்கட்டும்.

சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: ‘அணங்கு இருப்பது வீட்டிலா, எலினோரின் மனத்திலா?’ வைஸின் படம் கேட்கும் கேள்வி அப்படியே வந்துவிடுகிறது. ‘பேய் இருப்பது மனத்திலா’ என்று எழுதினால் கேலிபோல் ஆகிவிடும். பேய்வீடு என்ற சொல்லையும் விட வேண்டியதில்லை. எல்லாப் பேய்வீடும் அணங்குவீடுதான். எல்லா அணங்குவீடும் பேய்வீடு அல்ல. ஷர்லி ஜாக்சன் எழுதிய ஒரு நாவலிலிருந்தே வந்த 1963, 1999 ‘தி ஹாண்டிங்’ படங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது புரியும். பிந்தையதில் கணினி வரைகலை எல்லாவற்றையும் உருவம் கொடுத்துக் காட்டிவிடுகிறது. முன்னது அணங்குவீடு, பின்னது பேய்வீடு. இரண்டு சொல்லும் கையில் இருந்தால் ஒப்பீடு ஒரே வரியில் முடிகிறது.

‘ஜம்ப் ஸ்கேர்’, அதாவது எதிர்பாராமல் சட்டென்று தூக்கிவாரிப்போட வைக்கும் காட்சி பற்றிக் கேட்டவருக்கு: ‘திடுக்கு’ போதும். 1963 படத்தில் சுழல்படியின் உச்சியில், மேற்கதவு திறந்து ஒரு முகம் தெரியுமே, அது ஒரு திடுக்கு. பன்மையில் திடுக்குகள். ‘திடுக்கிடும் காட்சி’ என்று நீட்ட வேண்டாம்.

வீட்டில் அணங்கு இருப்பதைச் சொல்ல, ஆங்கில ‘ஹாண்ட்’ போல ஒரு வினைதான் இன்னும் அமையவில்லை. ‘மரத்தில் பேய் அடைந்திருக்கிறது’ என்கிறோம், பறவை அடைவதுபோல. அந்த ‘அடைதல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘அணங்கு அடைந்த வீடு’ என்று எழுதினால் ‘அணங்கு போய்ச் சேர்ந்த வீடு’ என்று படிப்பவர்களும் இருப்பார்கள். அண்டுதல், உறைதல் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். உறைதல் கோயிலுக்குப் போய்விடுகிறது. அண்டுதல் ‘அண்டாது’ என்ற எதிர்மறையில்தான் இயல்பாக நிற்கிறது. வேறு வினை தோன்றினால் எழுதுங்கள். அதுவரை எங்கள் குறிப்புகளில் ‘அடைதல்’ என்றே எழுதி வருகிறேன்.

அன்புடன்.