தலசீமியா: ஒரு குறையோடு இன்னொரு குறை சேர்ந்தால் நோய் தணிவது எப்படி?

விலங்கியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பீட்டா தலசீமியா என்பது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாததால் வரும் சோகை என்றுதான் இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். அண்மையில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராக இருந்த டேவிட் வெதராலின் ஆய்வுகளைப் படித்தபோது ஒரு செய்தி என்னை மேலே படிக்கவிடவில்லை. பீட்டா தலசீமியாவுடன் பிறந்த குழந்தை ஹீமோகுளோபினின் மற்றொரு சங்கிலியான ஆல்ஃபா குறைவாக உருவாகும் ஆல்ஃபா தலசீமியாவையும் சேர்த்துப் பெற்றிருந்தால், பல சமயங்களில் நோயின் கடுமை குறைகிறதாம். இரண்டு சங்கிலிகளிலும் குறை இருந்தால் சோகை கூடத்தானே வேண்டும்? இதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர்:
அம்மா, நீங்கள் எழுதி வந்தது தவறில்லை, ஆனால் பாதிதான். பீட்டா சங்கிலி குறைவதைவிட, அதனால் மிஞ்சிப்போகும் ஆல்ஃபா சங்கிலியே அதிகம் கெடுதல் செய்கிறது. இதற்கு அடித்தளமிட்டது, வெதரால், கிளெக், நாட்டன் ஆகிய மூவரும் 1965இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை. நோயாளியின் இரத்தத்திலுள்ள இளம் சிவப்பணுக்களைக் கதிரியக்கமுள்ள அமினோ அமிலத்தோடு சேர்த்து வைத்து, புதிதாக உருவான இரு வகைச் சங்கிலிகளையும் பிரித்தெடுத்து அளந்தார்கள். நலமான அணுக்களில் ஏறக்குறைய சமமாக இருக்கும் அந்த இரண்டில், பீட்டா தலசீமியா அணுக்களில் ஆல்ஃபா மிஞ்சி நின்றது. துணை கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் திரண்டு படிந்துவிடுவதால், எலும்பு மஜ்ஜையில் வளரும் அணுக்களில் பெரும்பகுதி இரத்தத்தில் கலக்கும் முன்பே மடிந்துபோகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை பெருகிப் பெருகித்தான் இக்குழந்தைகளின் முக எலும்புகள் புடைக்கின்றன.

வகுப்பில் எட்டுப் புளியங்கொட்டைகளையும் இரண்டு சோழிகளையும் மேசைமேல் வையுங்கள். கொட்டை ஆல்ஃபா சங்கிலி, சோழி பீட்டா சங்கிலி. ஒரு ஹீமோகுளோபினுக்கு இரண்டு கொட்டையும் இரண்டு சோழியும் வேண்டும். ஒன்றைக் கட்டியதும் ஆறு கொட்டைகள் வீணாக மிஞ்சும். இப்போது தொடக்கத்திலேயே நான்கு கொட்டைகளை எடுத்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டப்படுவது அதே ஒன்றுதான், ஆனால் மிச்சம் இரண்டாகிவிடும். ஆல்ஃபா தலசீமியா செய்யும் உதவி அதுவே. பிறந்த பிறகும் கரு ஹீமோகுளோபினைத் தாராளமாக உருவாக்கும் குழந்தைகள் ஓரளவு தேறுவதும் இதே காரணத்தால்தான்: அதிலுள்ள காமா சங்கிலிகள் மிஞ்சிய ஆல்ஃபாவுக்குத் துணையாகின்றன.

குருநாகல் வாசகர்:
ஐயாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெதராலுக்கு இந்த நாட்டம் ஆய்வுகூடத்தில் பிறந்ததல்ல. கட்டாய இராணுவ சேவையில் சிங்கப்பூரிலிருந்த இளம் வைத்தியராக, குருதி ஏற்றியே உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்த ஒரு கூர்க்கா வீரரின் பெண்குழந்தையை அவர் பராமரித்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரை 1960இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது.

பிற்காலத்தில் அவர் இலங்கையிலுள்ள எங்கள் குருநாகல் வைத்தியசாலைப் பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தார். இங்கே பீட்டா சங்கிலியில் சிறு மாற்றமுள்ள ஹீமோகுளோபின் ஈ-யும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்த வகை கணிசமாக உண்டு. அனுஜ பிரேமவர்தன முதலானோருடன் அவர் 2005இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 109 பேர் இருந்தனர். 25 பேருக்குக் குருதி ஏற்றலே தேவைப்படவில்லை. மேலும் 37 பேருக்கு ஏற்றுவதை நிறுத்தியும் பாதகம் நேரவில்லை. ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்த்துப் பிள்ளையை ஆயுள் முழுதும் குருதிப் பைக்குக் கட்டிப்போடாமல், அது வளர்கிறதா, விளையாடுகிறதா, மண்ணீரல் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பொறுத்திருந்து பார்க்கச் சொன்ன வேலை அது. ஏற்றும் குருதி குறைந்தால் உடலில் தேங்கும் இரும்பும் குறையும் என்பதால், வசதி குறைந்த வைத்தியசாலைக்கு இதன் பெறுமதி மிகப் பெரிது.

ஒரு தாய்:
மேலே உள்ளதைப் படிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். 37 பேருக்கு நிறுத்தினார்கள் என்பது ஹீமோகுளோபின் ஈ வகைக்கு, மருத்துவர்களின் தொடர்ந்த கண்காணிப்பில் நடந்தது. என் மகளுக்கு இருப்பது பீட்டா தலசீமியா மேஜர், அதாவது அதன் கடுமையான வகை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம், இரும்பை வெளியேற்றும் மாத்திரையும் தவறாமல் கொடுக்கிறோம். தயவுசெய்து யாரும் தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம்.

ஆசிரியை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் திருமணத்துக்கு முன்பே சோகை என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதை இரும்புக் குறைவு என்றே எடுத்துக்கொண்டார்கள், பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்களிடம் பொதுவாகக் கூடியிருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என் கணவரும் நோய்க்கூறைச் சுமப்பவர் என்பது மகள் பிறந்து எட்டாம் மாதத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தால், கருவுற்ற தொடக்கத்திலேயே பரிசோதித்திருப்போம். உங்கள் மாணவர்கள் இன்னும் சில ஆண்டுகளில் மணம் செய்துகொள்ளும் வயதினர். புளியங்கொட்டைக் கணக்கோடு ஏ2 பரிசோதனையையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள், அம்மா.