பருவப் பிசகு: இந்தச் சொல் தேறுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றையொன்று சார்ந்த உயிர்களின் பருவ நிகழ்வுகள் நாள் தவறி விலகிப்போவதை ஆங்கிலத்தில் ஃபினாலஜிக்கல் மிஸ்மேட்ச் என்பார்கள். அதற்குத் தமிழில் 'பருவ முரண்', 'காலப் பொருத்தமின்மை' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சொல் எதைச் சுட்ட வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம்.

குளிர்நாட்டு ஏரிகளில் வசந்தம் வந்ததும் மேல்நீர் சூடாகி, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். வெளிச்சம் படும் அந்த அடுக்கில் டயாட்டம் பாசிகள் மளமளவென்று பெருகும். அவற்றைத் தின்றே டாஃப்னியா என்ற சிறு நீருயிரான நீர்த்தெள்ளும் பெருகும். குளிர்காலத்தை அடிச்சேற்றில் உறங்குமுட்டையாகக் கழித்தவையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவை மேய்ந்து தள்ளினால் ஏரிநீர் சில வாரங்களுக்கு நன்றாகத் தெளிந்துவிடும்.

சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் இந்த வரிசை குலைந்திருக்கிறது. 1962 முதல் 2002 வரையிலான பதிவுகளின்படி, வசந்த காலம் சூடேறச் சூடேற, பாசிப் பெருக்கம் 19 நாள் முன்னே வந்துவிட்டது. கெரட்டெல்லா என்ற நுண்ணிய சக்கர உயிரியும் (ரோட்டிஃபர்) முன்னே நகர்ந்தது. டாஃப்னியா நகரவில்லை, எண்ணிக்கையிலும் குறைந்தது. பொதுவாகவே உறங்குமுட்டைகள் பொரிவதற்கு வெப்பத்தோடு பகலின் நீளமும் ஒரு சைகை. புவி எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறப்போவதில்லையே!

'பருவ முரண்' என்றால் கோடையில் கொட்டும் அடைமழைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே சிக்கல் பருவத்தில் இல்லை, சேர்ந்து ஓடிய இரண்டு உயிர்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியில் இருக்கிறது. 'காலப் பொருத்தமின்மை' பொருளில் சரி, ஆனால் வினையாக்கப் போனால் முரண்டு பிடிக்கிறது.

என் பரிந்துரை 'பருவப் பிசகு'. 'நாள் பிசகாமல்', 'நேரம் பிசகாமல்' என்று சொல்கிறோம் அல்லவா, அதே பிசகுதான். "டாஃப்னியாவும் பாசியும் பிசகிவிட்டன" என்று எழுதலாம், இடைவெளியைப் 'பிசகு நாட்கள்' என்று எண்ணலாம். மீன்குஞ்சுகள் பொரியும் காலமும் அவற்றின் இரை பெருகும் காலமும் ஒத்துப்போவதைப் பற்றி மீன்வள அறிவியலாளர் டேவிட் குஷிங் முன்வைத்த கருதுகோளும் 'இசைவு–பிசகுக் கருதுகோள்' என்று அமைந்துவிடும்.

> பிசகு என்றால் தவறு என்ற தொனி வருகிறதே ஐயா? நீர்த்தெள்ளு என்ன தவறு செய்தது?

ஒரு நண்பர் எழுப்பிய இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் கால் பிசகினால் காலைக் குற்றம் சொல்வதில்லை, இடம் விலகியது என்றுதான் கொள்கிறோம். அப்படியும் உறுத்தினால் 'பருவ விலகல்' எனலாம். அதில் எனக்கு ஒரே தயக்கம்: புள்ளியியலில் திட்ட விலகல் (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) ஏற்கெனவே இருக்கிறது. ஒரே கட்டுரையில் இரண்டு விலகலும் வந்தால் படிப்பவர் திண்டாடுவார்.

அப்புறம், ரோட்டிஃபருக்குச் 'சக்கர உயிரி' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.