பத்தி படித்தாலே இலக்கணம் வந்துவிடுமா?

வைகைக்கரை:
எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆண்டு இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தினம் ஒரு பத்தி, அதில் வரும் புதுச்சொற்கள், அவ்வளவுதான். 'ரன்' என்றால் ஓடு என்று மனப்பாடம் செய்திருந்த பையன், 'ஷி ரன்ஸ் எ டீ ஷாப்' என்ற வரியைப் பார்த்து, "கடைக்குள்ளே ஏன் ஓடுறாங்க?" என்றான். அடுத்த வரிகளில் அவள் விடியற்காலையில் பால் வாங்குகிறாள், கல்லாவில் உட்காருகிறாள். உடனே அவனே, "கடையை நடத்துறாங்களா அக்கா?" என்றான். எந்தச் சொற்பட்டியலும் இதைத் தராது. இலக்கணமும் இப்படியே படியும் என்பது என் கட்சி. புரிகிற ஆங்கிலத்தை நிறையப் படித்தாலும் கேட்டாலும் மொழி தானே வரும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே வாதிட்டார்.

பழைய வாத்தியார்:
சொல்லுக்குச் சரி அம்மா, இலக்கணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தி' என்ற சொல்லைத் தாண்டித்தான் நம் பிள்ளைகளின் கண் போகும். தமிழில் அது கிடையாது, அது இல்லாமலே அர்த்தமும் புரிந்துவிடுகிறது. 'ஷி ஹாஸ் லிவ்டு இன் மதுரை சின்ஸ் 2015' என்று நூறு முறை படித்த பிள்ளை, எழுதும்போது 'ஷி இஸ் லிவிங்' என்றுதான் தொடங்கும். '2015லிருந்து மதுரையில் இருக்கிறாள்' என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகிய நாக்கு அது. யாராவது விரல் வைத்துக் காட்டினால்தான் உறைக்கும்.

கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்திப் பார்த்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தும் கேட்டும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழை போகவில்லை. மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985ல் இதை எழுதினார்.

இரவுப்பணி:
நான் செவிலியர். வாத்தியார் சொன்னது என் கதை. வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புத் தாளில் மூன்று பத்தி, 40 கேள்வி, ஒரு மணி நேரம். ஓராண்டு தினமும் பத்தி படித்தேன். வாசிப்பில் 9க்கு 7.5 வந்தது, எழுத்தில் இரண்டு முறையும் 6தான். அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பேன். என் பிழை என் கண்ணில் படவே இல்லை.

மேலத்தெரு:
பத்தி படித்தால் வாசிப்பாவது வருமா? நம் தேர்வுக் கேள்விகளைப் பாருங்கள். 'நேற்றுத் தொம்பிலி குரணையில் ஞெமிண்டியது.' தொம்பிலி எங்கே ஞெமிண்டியது? குரணையில். முழு மதிப்பெண்! ஒரு சொல்லுக்கும் அர்த்தமே கிடையாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே தூக்கி எழுதத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள்.

வைகைக்கரை:
அது கேள்வியின் குற்றம், பத்தியின் குற்றம் அல்ல. பிள்ளைக்கு மீறிய பத்தியைக் கொடுத்தாலும் அப்படித்தான் ஆகும். துணையில்லாமல் படித்துப் புரிய 100 சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்களின் கணக்கு. நம் பாடங்களில் வரிக்கு இரண்டு புதுச்சொல் வருகிறது. 1920களில் டாக்காவில் வேலை பார்த்த ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்காகப் புதுச்சொற்களைக் குறைத்து, வந்த சொல்லே திரும்பத் திரும்ப வரும்படி வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். அந்தப் பொறுமைதான் வேண்டும் என்கிறேன்.

இரவுப்பணி அக்கா, நீங்கள் படித்தது விடை தேட. கதைக்காகப் படித்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இரவுப்பணி:
இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வருபவளுக்குக் கதைக்கு நேரம் ஏது? எனக்கு ஆறு மாதத்தில் மதிப்பெண் வேண்டும்.

பழைய வாத்தியார்:
வைகைக்கரை, நாளை ஒன்று செய்யுங்கள். அதே டீக்கடைப் பத்தியை 'தி', 'ஏ' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் நிரப்பட்டும். கடை முதல் முறை வரும்போது 'ஏ', மறுமுறை 'தி' ஏன் என்று அவர்களையே சண்டை போட விடுங்கள்.

வைகைக்கரை:
செய்கிறேன் சார், ஆனால் மறுநாள்தான். முதல் வாசிப்பில் பென்சிலைக் கையில் கொடுக்க மாட்டேன்.

பழைய வாத்தியார்:
மறுநாளே ஆகட்டும். யார் எதை நிரப்பினார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள் அம்மா.