கார் பிரேக் டிஸ்க்கில் துரு: உங்களுக்கு என்ன நடந்தது?

உப்புக்காற்று, தேவனாம்பட்டினம்:
2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது அல்லவா, அதற்கு முந்தைய நாள் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, உறையும் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் தொடவில்லை. பிறகு எடுத்தால் நகரவே இல்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்னால் தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம், உள்ளே இருந்த அம்மா வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சக்கரத்தோடு சுற்றும் அந்த டிஸ்க் தட்டு முழுக்கச் செங்கல் நிறம், அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் ஒட்டியிருந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் கறுப்பாக, அச்சுக் குத்தினதுபோல. அந்த அச்சு கடைசிவரை போகவில்லை, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலில் துடித்தது. லேத்தில் கடைந்தால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போய்விடும் என்றார் மெக்கானிக். ஜோடியாக மாற்றினேன்.

லாஸ்பேட்டை:
ஹேண்ட் பிரேக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள், உறைக்கும் பங்கு உண்டு. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். என் வண்டி அதே மழையில் உறை இல்லாமல்தான் நின்றது, மேலாக ஆரஞ்சுப் படலம், நாலு பிரேக்கில் தேய்ந்து போய்விட்டது.

ஓ.டி.காரன், கடலூர்:
நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். துரு வரக்கூடாது என்று டிஸ்க்கில் எண்ணெய் தடவினேன், தெரிந்த ஒருவர் சொன்னார் என்று. மஞ்சக்குப்பத்தில் பள்ளி விடும் நேரம், சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே வந்தாள், பெடல் கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை. அவள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. அவள் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. எண்ணெய் குடித்த பேட் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று.

வைத்திக்குப்பம்:
எனக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை, காலையில் எடுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் சொல்கிறேன். டிஸ்க் வார்ப்பிரும்பு, பேட் உரசும் முகத்தில் பெயின்ட் நிற்காது, அதனால் கடற்கரை ஊரில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். கோட்டிங் போட்ட டிஸ்க் வாங்கினாலும் நடுப்பகுதியையும் ஓரத்தையும்தான் அது காக்கும். வாட்டர் வாஷ் முடிந்ததும் அப்படியே நிறுத்தாமல் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவிடுங்கள். பல நாள் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம். வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டுங்கள், தெருவுக்குள் நகர்த்தி வைப்பது போதாது. அப்புறம் கேலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், நகர உதவும் பின்னுக்கு (pin) அதற்கான கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், அந்தப் பின் இறுகினால் பேட் விலகாது.

உப்புக்காற்று, தேவனாம்பட்டினம்:
லாஸ்பேட்டை அண்ணே, உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? எனக்கு மொட்டை மாடியில் நின்றால் அலை தெரியும். உறையைக் கழற்றிவிட்டேன், கட்டையும் வெட்டி வாங்கியாயிற்று.