மறு: ரிங் ரெகவரிக்கு 'வளைய மீட்பு' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். பறவை கால்ல வளையம் மாட்டி அது எங்க போகுதுன்னு பாக்குற வேலையில வர்ற இங்கிலீஷ் சொல்லுக்கெல்லாம் நம்ம நோட்டீஸ்ல என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம்னு ஓடுற இந்த இழைய முதல்லேந்து படிச்சேன், வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் குளிர்காலம் பூரா பறவை பாக்குறவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

> ரிங் ரெகவரி = வளைய மீட்பு

வளையம் போட்ட பறவை திரும்பக் கிடைச்சு, அந்தத் தகவல் வந்து சேர்றதுதான் ரிங் ரெகவரி. இந்தச் சொல்லச் சொன்ன ஐயா, இலக்கணத்துல குத்தமில்ல. ஆனா நாங்க போன தடவை போட்ட நோட்டீஸ்ல இதே சொல்லுதான் இருந்துச்சு. உப்பளத்துல வேலை பாக்குற ஒரு அண்ணன் அதப் படிச்சுட்டு, பாத்தியில சோந்து கிடந்த வளையம் போட்ட ஒரு கொசு உள்ளான, அதான் அந்தக் குட்டி நீர்க்கரைப் பறவைய, பிடிச்சு, வளையத்தக் குறடால நெம்பி எடுத்து, சட்டைப் பையில பத்திரமா முடிஞ்சு கொண்டாந்து குடுத்தாரு. பறவைய விட்டுட்டாராம், பறந்துருச்சாம். "மீக்கணும்னுதானே எழுதியிருந்தீங்க"ன்னாரு. அவர் மேல என்ன தப்பு? மீட்புன்னா அடகு வச்சத மீக்குறது, கிணத்துல விழுந்தவங்களத் தூக்குறது, அப்படித்தானே யாரும் நினைப்பாங்க. அந்தக் கால் தீக்குச்சி தடிமன்தான் இருக்கும், குறடு கொஞ்சம் வழுக்கியிருந்தா காலே போயிருக்கும். இனிமே அந்தப் பறவைய சைபீரியாவுல யார் பிடிச்சாலும் அது இங்க வந்துட்டுப் போனது தெரியாது.

நமக்கு வேண்டியது வளையம் இல்லங்க, அதுல இருக்குற நம்பர். 1899-ல டென்மார்க்ல மார்ட்டென்சன்ங்கிறவர் மைனா இனத்துப் பறவைங்களுக்கு அலுமினிய வளையம் மாட்டுனப்பவே நம்பரோட ஊர் பேரும் பொறிச்சுதான் விட்டாரு, யாராவது பாத்தா எழுதிப் போடட்டும்னு. நம்ம நாட்டுல வளையம் மாட்டுற பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி வளையத்துலயும் முதல் வார்த்தையே 'இன்ஃபார்ம்'தான். சேதி சொல்லுன்னு வளையமே கேக்குது, அதனால 'வளையச் சேதி'ன்னு வச்சுக்கலாம். உசுரோட இருந்தா நம்பரப் படிச்சு, போட்டோ எடுத்து, அப்படியே விட்டுரணும், செத்துக் கிடந்தா மட்டும் வளையத்த எடுக்கலாம், ரெண்டுமே வளையச் சேதிதான். பிடிக்காம டெலஸ்கோப்ல பாத்தா 'மறுகாணல்'னு இழையில மேடம் ஒருத்தர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

> லெக் ஃப்ளாக் = கால்கொடி

இதுலதான் எனக்கு மனசு ஒட்டல. கொடின்னா துணி, காத்துல ஆடும், இல்லன்னா பூசணிக்கொடி. இது காலச் சுத்தி வந்து ஒரு பக்கம் மட்டும் விறைப்பா நீட்டிட்டு நிக்கிற கலர் பிளாஸ்டிக். எங்க ஊர்ல தாழை மடல், வாழை மடல், காது மடல்னு சொல்லாதவங்க கிடையாது, அதனால 'கால்மடல்'. மடல்னா கடிதம்னும் ஒரு பொருள் இருக்கு, குழப்பும்னு தம்பி ஒருத்தர் தனியா எழுதியிருந்தாரு. எனக்கு அதுவே கூடுதல் சந்தோஷம் தம்பி, எழுத்து பொறிச்ச மடலக் கால்ல கட்டிக்கிட்டு வருதுல்ல.

கழுத்துல போடுற நெக் காலருக்குப் 'பட்டை' வேண்டாம். மங்கோலியாவுல கழுத்துல மாட்டி விட்டு கர்நாடகா ஏரி வரைக்கும் வர்ற வாத்துக்கே நம்மள்ல பாதிப் பேர் பட்டைத்தலை வாத்துன்னுதான் பேர் சொல்றோம், தலையில இருக்குற பட்டையா கழுத்துல இருக்குற பட்டையான்னு படிக்கிறவங்க முழிப்பாங்க. 'கழுத்துவளை' போதும்.

இன்னொன்னு, இழையில யாருமே தொடல. எந்தக் கால், மூட்டுக்கு மேலயா கீழயா, ரெண்டு மடல் இருந்தா மேல என்ன கலர், கீழ என்ன கலர், இதெல்லாம் இல்லாம வர்ற சேதி பாதி சேதிதான், ஏன்னா எந்த நாட்டுல மாட்டுனதுன்னு கலர் வரிசையும் இடமும்தான் சொல்லும். இத 'முழங்காலுக்கு மேல'ன்னு எழுதாதீங்க. பறவைக்குப் பின்னாடி மடங்குற மூட்டு கணுக்கால், முழங்கால் இறகுக்குள்ள மறைஞ்சு கிடக்கும். விஷயம் தெரிஞ்சவர் கணுக்கால்னு எழுதி, தெரியாதவர் முழங்கால்னு எழுதுனா ஒரே இடம் ரெண்டாயிடும், அதனால 'மேல்தண்டு, கீழ்தண்டு'ன்னு வச்சு பக்கத்துல ஒரு படம் போட்டுரலாம். வலது இடது பறவையோட வலது இடது, நம்மளோடது இல்லன்னும் ஒரு வரி சேத்துருங்க.

புது நோட்டீஸ் இந்த வாரம் அச்சுக்குப் போகுது. 'தண்டு'க்கு இதவிட நல்ல சொல் யார்கிட்டயாவது இருந்தா சீக்கிரம் எழுதுங்க, மத்ததெல்லாம் அந்த உப்பள அண்ணன்கிட்டயே படிச்சுக் காட்டிட்டேன், கால்மடல்னு சொன்னதும் தன் காது மடலத் தொட்டுக் காட்டி "இப்புடி நீட்டிட்டு இருக்குமா"ன்னு கேட்டாரு.