அம்மாவின் ரசத்தில் பெருங்காயம் கூடிப்போனபோது

தஞ்சைப் பெண்:

அம்மாவின் மூளைக் கட்டியை நாங்கள் எவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அப்போது 58 வயது. ரசத்தில் பெருங்காயம் கசக்கும் அளவுக்கு விழ ஆரம்பித்தது. சொன்னால், "வாசனையே வரலையேடி, டப்பாவே சரியில்ல" என்பார். ஒரு நாள் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, கூடம் வரை புகை. அம்மா அடுப்புக்கு முதுகு காட்டி நான்கடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் ஆளே மாறிப்போனார். வாசல் தெளித்துக் கோலம் போடாமல் ஒரு நாளும் இருந்தவரில்லை. இப்போது பத்து மணி வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பேரன் விழுந்து அழுதாலும் வெறுமனே பார்ப்பார். அப்பா போன துக்கம் என்றார் சித்தி. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள், எட்டு மாதம் சாப்பிட்டார். தலைவலி என்று அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதனாலேயே மூளைப் பக்கம் யாருக்கும் யோசனை போகவில்லை.

கண்டுபிடித்தது கண் மருத்துவர். டிவி பார்க்கும்போது வலது கண் மங்குகிறது என்றதால் புரை என்று நினைத்துக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் விளக்கு வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இடது கண்ணுக்குப் போய், திரும்ப வலது கண்ணுக்கு வந்தார். "இந்த மங்கலுக்குப் புரை காரணம் இல்லைம்மா. இந்தக் கண்ணுல நரம்பு வெளுத்திருக்கு, அந்தக் கண்ணுல வீங்கியிருக்கு. இன்னைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க." மண்டைக்குள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் முனை வீங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

படத்தில் மூக்குக்கு மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மெனிஞ்சியோமா என்றார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து மெதுவாக வளர்வது, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. கட்டிக்குக் கீழே வாசனை நரம்பு, மேலே முன்மூளை. பெருங்காயம் கூடிப்போனதற்கும் கோலம் நின்றுபோனதற்கும் அதுவேதான் காரணம். ஏழு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. பயாப்ஸியில் கிரேடு 1, அதாவது புற்றுநோய் இல்லை என்று வந்தது.

நெல்லைக்காரன்:

அக்கா, எனக்குக் காதில் ஆரம்பித்தது. லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க போன்தான். இடது காதில் வைத்தால் சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. என்னை அறியாமலே வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். கூடவே ஓயாத இரைச்சல். அப்படியே ஒரு வருஷம் போனது. அழுக்கு எடுக்கப் போன இடத்தில் ஈ.என்.டி. டாக்டர், ஒரு காது மட்டும் குறைந்தால் சும்மா விடக்கூடாது என்று எம்.ஆர்.ஐ. எழுதினார். அகூஸ்டிக் நியூரோமா, அதாவது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி, ஒன்றரை சென்டிமீட்டர். கத்தி வைக்கவில்லை, கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி அதற்கு மேல் வளரவில்லை. போன கேட்பு மட்டும் திரும்பவில்லை.

வேலூர் முல்லை:

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. என் கணவருக்கு 34 வயது. வலது கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்து, துடிப்பு கை முழுக்க ஏறி, வாய் கோணி, நினைவு தப்பிவிட்டது. வலிப்பு என்று பக்கத்துக் கடைக்காரர் இவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

ஸ்கேனில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் கட்டி என்றே நினைத்து அழுதோம். கடைசியில் அது நாடாப்புழு முட்டை வழியாக வந்த நீர்க்கட்டி. நம் நாட்டில் வலிப்புக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாம். அவர் சுத்த சைவம். அசுத்தமான தண்ணீரிலும் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியிலும் முட்டை வந்துவிடும் என்றார் டாக்டர். மருந்திலேயே சரியானது. ஆனால் பெரியவர்களுக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் ஸ்கேன் எடுக்காமல் இருக்கவே கூடாது.

கரிசல் மண்:

எனக்குப் பத்து வருஷமாக ஒற்றைத் தலைவலி. இதையெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது.

தஞ்சைப் பெண்:

பயப்படாதீர்கள் தம்பி. தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை கட்டியால் வருபவை இல்லை. எங்கள் நியூரோ டாக்டர் கேட்டதெல்லாம் தலைவலி முன்புபோலவே இருக்கிறதா, குணம் மாறியிருக்கிறதா என்பதுதான். விடியற்காலையில் வலியோடு எழுந்தாலோ, இருமினாலும் குனிந்தாலும் கூடினாலோ, கூடவே வாந்தியோ பார்வைக் குறைவோ வந்தாலோ உடனே போகச் சொன்னார். உங்களுக்குப் பழைய வலிதான் என்றாலும் ஒருமுறை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மா எப்படி இருக்கிறார் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: மூன்று மாதத்தில் கோலம் திரும்ப வந்துவிட்டது. முதல் நாள் ஐந்து புள்ளி வைத்துப் போட்டார், நான் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கண் மங்கல்தான். வாசனை வரவேயில்லை, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி, கேஸ் வாடை வருதா பாரு" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படி விளக்கை அணைக்கிறார்.