5 வாட்டில் எஃப்டி8: சிக்னல் போய்ச் சேருகிறது, பதில்தான் வரவில்லை

வணக்கம் நண்பர்களே. 14.074 மெகாஹெர்ட்ஸில் 5 வாட், டைபோல் ஆன்டெனா வைத்து எஃப்டி8 (பலவீனமான சிக்னலையும் கணினி படித்தெடுக்கும் அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் முறை) ஓட்டுகிறேன். யார் யாரைக் கேட்டார்கள் என்று காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்தில் பார்த்தால் தொலைதூர நிலையங்கள் என்னை −15, −18 டெசிபலில் பிடிக்கின்றன. ஏறக்குறைய −21 வரை டிகோட் ஆகும் என்பதால் இது மோசமில்லை. ஆனால் சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்யூ கொடுப்பவர்களை நானே அழைத்தாலும் அதே கதை. கடிகாரம் சரி, பெரும்பாலான நிலையங்களின் டிடி (நேர வித்தியாசம்) 0.2 நொடிக்குள்தான் காட்டுகிறது. ஏஎல்சி மீட்டரும் (ஆடியோ அளவு கூடினால் அசைவது) அசைவதில்லை.

பதில் வந்தும் என் பக்கத்து இரைச்சலில் அமுங்கிப் போகிறதோ என்று சந்தேகம். வீட்டு மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்பது தவிர, இதை உறுதிசெய்ய வேறு வழி உண்டா? அப்புறம், ஒருவரை அழைக்கும்போது அவருடைய அலைவரிசையிலேயே நிற்பதா, காலியான இடம் பார்த்துத் தள்ளி நிற்பதா? கூட்டத்தில் 5 வாட் காணாமல் போய்விடும் என்பதால் நான் தள்ளித்தான் நிற்கிறேன். குறைந்த பவரில் ஓட்டுபவர்கள் உங்கள் வழக்கத்தைச் சொல்லுங்கள்.